வார்டுக்குப் பிறகே விண்ணப்பம்: ஒரு பார்ம்டி மாணவியின் ரெசிடென்சித் தயாரிப்பு

அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு போதனா மருத்துவமனையில், பொது மருத்துவ வார்டின் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். பார்ம்டி என்ற மருந்தாளுநர் பட்டப்படிப்பின் இறுதியாண்டு மாணவர்கள் ஆறு வாரத்துக்கு ஒருவராக என்னிடம் பயிற்சிக்கு வருவார்கள். அவர்களில் ஒருவர் ரெசிடென்சி என்ற, பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சிக்குத் தயாரான விதத்தை இங்கே பதிவு செய்கிறேன். மாணவியும் நோயாளிகளும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பல மாணவர்களில் இவரைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. மதிப்பெண் நன்றாக இருந்தது. பள்ளி முடித்த காலத்திலிருந்தே ஊர் மருந்துக்கடை ஒன்றில் பகுதிநேர உதவியாளராக உழைத்திருந்தார். மாணவர் அமைப்பில் பொறுப்பும் வகித்தவர். ரெசிடென்சிக்கு இப்படித்தான் தயாராக வேண்டும் என்று கல்லூரிகள் சொல்லும் எல்லாவற்றையும் செய்திருந்தார். ஆனாலும் அவருடைய விண்ணப்பம் வலுவற்றதாகவே போயிருக்கும். அதற்குக் காரணம் அவர் கையில் இல்லாத ஒன்று: ரொட்டேஷன்களின், அதாவது பிரிவு பிரிவாகச் செய்யும் களப்பயிற்சிகளின், வரிசை.

பின்னணி

அமெரிக்காவில் பார்ம்டி முடித்து உரிமத் தேர்வு எழுதினால் மருந்தாளுநர் ஆகிவிடலாம். ரெசிடென்சி கட்டாயம் இல்லை. மருத்துவமனை மருந்தாளுநர்களுக்கான முறையான பயிற்சி 1927இல் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஹார்வி விட்னி தொடங்கியதிலிருந்து வளர்ந்து வந்திருக்கிறது. இன்று முதலாண்டுப் பயிற்சியை பிஜிஒய்-1 என்றும், புற்றுநோய், தீவிர சிகிச்சை, தொற்றுநோய் போன்ற சிறப்புத் துறைகளுக்கான இரண்டாம் ஆண்டை பிஜிஒய்-2 என்றும் அழைக்கிறார்கள். அங்கீகாரம் தருவது ஏஎஸ்ஹெச்பி என்ற மருத்துவமனை மருந்தாளுநர் சங்கம். நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கப்போகும் புதிய பட்டதாரிகள் அனைவருக்கும் 2020க்குள் ரெசிடென்சி கட்டாயமாக வேண்டும் என்று அந்தச் சங்கமே ஒரு காலத்தில் இலக்கு வைத்தது. அந்த இலக்கு நிறைவேறவில்லை. ஆனால் பெரிய மருத்துவமனைகளின் வேலை விளம்பரங்களில் ரெசிடென்சி என்ற சொல் நிலைத்துவிட்டது.

ஆகஸ்ட் கடைசியில் மாணவி என்னைப் பார்க்க வந்தபோது, எதற்கு ரெசிடென்சி என்றுதான் முதலில் கேட்டேன். இதை எல்லாரிடமும் கேட்பேன். அந்த ஓராண்டுக்குக் கிடைக்கும் ஊதியம், நேராக வேலைக்குப் போகும் மருந்தாளுநரின் சம்பளத்தில் பாதிக்கும் குறைவு. கல்விக் கடனோ பலருக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். வார வேலைநேரத்தின் உச்சவரம்பு 80 மணி. மருந்துக்கடையில் நிறைவாக வேலை செய்யக்கூடிய ஒருவரை, ‘எல்லாரும் விண்ணப்பிக்கிறார்கள்’ என்ற ஒரே காரணத்துக்காக இந்த வழியில் தள்ளுவதை நான் தவறு என்றே நினைக்கிறேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கடையில் மருந்து வாங்க வருபவர்களைப் பற்றிச் சொன்னார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள் கொண்டுவரும் சீட்டில், ஏன் ஒரு மருந்தை நிறுத்தினார்கள், ஏன் அளவைக் கூட்டினார்கள் என்பது கடையில் இருப்பவருக்குத் தெரிவதே இல்லையாம். அந்த முடிவு எடுக்கப்படும் இடத்தில் தானும் இருக்க வேண்டும் என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

நாள்காட்டிதான் சிக்கல்

இறுதியாண்டில் குறைந்தது 1,440 மணி நேரம் களப்பயிற்சி வேண்டும். அவருடைய கல்லூரி அதை ஆறு வாரம் கொண்ட ஆறு ரொட்டேஷன்களாகப் பிரித்திருந்தது. வாரத்துக்கு 40 மணி என்றால் கணக்கு சரியாக வரும். சமூக மருந்தகம், புறநோயாளிப் பிரிவு, மருத்துவமனை மருந்தக நிர்வாகம், உள்நோயாளிப் பொது மருத்துவம் ஆகிய நான்கும் கட்டாயம். மற்றவை விருப்பப் பாடம்.

மாணவியின் அட்டவணை இப்படி இருந்தது: மே மாத நடுவில் சமூக மருந்தகம், ஜூலையில் ஒரு மருந்து நிறுவனத்தின் தகவல் பிரிவு, ஆகஸ்ட் நடுவிலிருந்து புறநோயாளிப் பிரிவு, அக்டோபரில் மருந்தக நிர்வாகம். நவம்பர் நடுவிலிருந்து விடுமுறை. உள்நோயாளிப் பொது மருத்துவம் ஜனவரியில். தீவிர சிகிச்சைப் பிரிவு அதற்கும் பிறகு.

விண்ணப்பக் காலத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிசம்பர் தொடக்கத்தில் ஏஎஸ்ஹெச்பியின் மாநாடு; அங்கே ரெசிடென்சித் திட்டங்கள் அரங்கு அமைத்து மாணவர்களைச் சந்திக்கும். பெரும்பாலான திட்டங்களுக்கு ஜனவரி முதல் வாரத்தில் கடைசி நாள் வந்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் நேர்காணல், மார்ச் தொடக்கத்தில் இரு தரப்பும் தரும் தரவரிசைப் பட்டியல், மார்ச் நடுவில் மேட்ச் (அந்தப் பட்டியல்களைக் கொண்டு கணினி இடம் ஒதுக்கும் முறை) முடிவு. ஆக, வார்டில் கால் வைப்பதற்கு முன்பே அவருடைய விண்ணப்பம் மூடப்பட்டுவிடும். ‘உள்நோயாளிகளைக் கவனிக்க விரும்புகிறேன்’ என்று எழுதும் ஒருவரை, உள்நோயாளியின் பக்கத்தில் நின்று பார்த்த ஒரு பயிற்சியாளர்கூட இருக்க மாட்டார்.

இது சின்ன விஷயம் போலத் தெரியலாம். விண்ணப்பங்கள் போகும் ஃபோர்காஸ் என்ற இணைய அமைப்பில் பரிந்துரை எப்படிப் பதிவாகிறது என்று தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். பொதுவாக மூன்று பரிந்துரைகள் வேண்டும். பரிந்துரைப்பவர் பாராட்டுக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டு ஒதுங்க முடியாது. எழுத்து, பேச்சு, நேர ஒழுங்கு, பிறருடன் சேர்ந்து வேலை செய்வது, மருத்துவச் சிக்கலைத் தீர்ப்பது, குறையைச் சுட்டினால் ஏற்பது எனத் தனித்தனியே மதிப்பிட வேண்டும். கண்ட சான்றையும் எழுத வேண்டும். சான்று இல்லாத இடத்தில் நல்லெண்ணத்தால் எழுதப்படும் வரிகளை, தேர்வுக் குழுவில் உட்கார்ந்து நிறையப் படித்திருக்கிறேன். ‘நேரம் தவறாதவர், ஆர்வமுள்ளவர், இனிமையானவர்’ என்று இருக்கும். அப்படிப்பட்ட வரிகள் அந்த மாணவருக்கு எந்த உதவியும் செய்வதில்லை.

ஆகவே சுயவிவரத்தைத் திருத்துவதை ஒதுக்கி வைத்துவிட்டு அட்டவணையை எடுத்தோம். ரொட்டேஷன்களை ஒதுக்கும் கல்லூரி அலுவலகத்திடம், அக்டோபரையும் ஜனவரியையும் மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அக்டோபரில் என்னிடம் வரவேண்டிய இன்னொரு மாணவர் சங்கிலி மருந்தகம் ஒன்றில் வேலைக்குப் பேசி முடித்திருந்தார். வரிசை மாறினால் அவருக்கு ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் எழுதிக் கொடுத்தார்கள், மாற்றம் கிடைத்தது. இந்த நிகழ்வில் மிகப் பெரிய பலன் தந்த செயல் இதுதான் என்பது என் கணிப்பு. அதற்கு ஒரு மின்னஞ்சலும் ஒரு கையெழுத்தும் போதுமானதாக இருந்தது.

அக்டோபர்: வார்டில் நடந்தது

முதல் வாரத்தில் நான் கண்டது: நிறையத் தெரிந்த, வாய் திறக்காத மாணவி. காலையில் ரவுண்ட்ஸுக்கு முன்பே நோயாளிகளின் குறிப்புகளைப் படித்து, சிறிய எழுத்தில் பக்கம் நிறைய எழுதி வைத்திருப்பார். மருத்துவர்கள் வந்ததும் பின்வரிசைக்குப் போய்விடுவார்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறுள்ள ஒரு முதியவர் அப்போது வார்டில் இருந்தார். பக்கவாதம் வராமலிருக்க, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அபிக்ஸபான் எடுத்துக்கொண்டிருந்தார், அளவு 2.5 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. வழக்கமான அளவு 5 மில்லிகிராம். வயது 80 அல்லது அதற்கு மேல், எடை 60 கிலோ அல்லது அதற்குக் கீழ், ரத்தத்தில் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால்தான் பாதியாகக் குறைக்க வேண்டும். இவருக்கு வயது 74, எடை 85 கிலோ. கிரியேட்டினின் மட்டும் 1.7. சிறுநீரகம் சற்றுப் பழுது என்றதும் யாரோ அளவைக் குறைத்திருக்கிறார்கள். எளிதில் நடக்கக்கூடிய பிழை இது. அளவு குறைந்தால் ரத்தம் உறைவதிலிருந்து கிடைக்க வேண்டிய பாதுகாப்பும் குறைந்துவிடும்.

மாணவியின் தாளில் இது அடிக்கோடிட்டு இருந்தது. ரவுண்ட்ஸ் அந்தப் படுக்கையைத் தாண்டிப் போனது, அவர் சொல்லவில்லை. பிறகு கேட்டபோது, “மருத்துவர் ஏதாவது காரணத்தோடுதான் கொடுத்திருப்பார் என்று நினைத்தேன்” என்றார்.

“காரணம் இருக்கிறதா என்று கேட்பதுதான் உங்கள் வேலை. இப்போதே போன் செய்யுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன்” என்றேன்.

அவர் மருத்துவரை அழைத்து, நோயாளி யார், பிரச்சினை என்ன, எந்த அளவுகோல் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை, என்ன பரிந்துரைக்கிறேன் என்று வரிசையாகச் சொன்னார். குரல் நடுங்கியது, தகவல் நடுங்கவில்லை. மறுமுனையிலிருந்து, இவருக்கு முன்பு வயிற்றில் ரத்தக்கசிவு இருந்ததே என்று கேள்வி வந்தது. அது அவருக்குத் தெரியாது. ஊகித்துப் பதில் சொல்லாமல், பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். பழைய பதிவுகளைத் தேடினோம். ரத்தக்கசிவு வந்தபோது அவர் மூட்டுவலிக்கு நெடுநாள் நாப்ராக்சன் என்ற, வயிற்றில் கசிவு உண்டாக்கக்கூடிய வலிமருந்தை விழுங்கிக்கொண்டிருந்தார். அதன்பின் அது நிறுத்தப்பட்டு, கசிவும் திரும்பவில்லை. மீண்டும் அழைத்துச் சொன்னார். மருத்துவர் அளவை 5 மில்லிகிராமுக்கு மாற்றினார்.

இதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அரை மணி நேரம் ஒதுக்கினோம். அந்த வாரம் அவர் செய்த தலையீடுகள் (மருந்தை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் வைத்த பரிந்துரைகள்), ஏற்கப்பட்டவை, மறுக்கப்பட்டவை, மறுக்கப்பட்டதற்கான காரணம் ஆகியவற்றை அவர் எழுதிக் கொண்டுவர வேண்டும். நானும் ஒரு பலம், ஒரு குறை என்று எழுதித் தருவேன். மறுக்கப்பட்டவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். நான்காம் வாரத்தில் ரவுண்ட்ஸில் முன்வரிசைக்கு வந்திருந்தார். ஐந்தாம் வாரத்தில் மருத்துவர்கள் என்னைக் கேட்காமல் அவரைக் கேட்கத் தொடங்கினார்கள். நவம்பரில் பரிந்துரைப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தபோது, அந்த வெள்ளிக்கிழமைத் தாள்கள் என் மேசையில் இருந்தன. முதல் வாரத்தில் பேசத் தயங்கினார் என்பதையும் எழுதினேன். எப்படி மாறினார் என்பதைத் தேதியோடு காட்ட முடிந்ததால், அந்தக் குறையே கடிதத்தின் வலுவான பகுதி ஆனது.

நோக்கக் கடிதமும் நேர்காணலும்

நோக்கக் கடிதத்தின் முதல் வரைவு, சிறுவயதில் பாட்டிக்கு மருந்து எடுத்துக் கொடுத்த கதையோடு தொடங்கி, ‘உங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தின் பலதரப்பட்ட வாய்ப்புகள்’ என்று முடிந்தது. மருத்துவமனையின் பெயரை மாற்றினால் நாட்டின் எந்த மூலைக்கும் அனுப்பலாம். அதைக் கிழிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு திட்டத்தைப் பற்றியும் அங்கே மட்டுமே உள்ள ஒன்றைக் கண்டுபிடித்து வரச் சொன்னேன். இரவு நேர அவசரப் பிரிவில் ரெசிடென்ட் தனியாக நிற்கும் திட்டம் ஒன்று. வீடு திரும்பும் நோயாளிகளின் மருந்துப் பட்டியலை ரெசிடென்ட்டே சரிபார்த்து, ஊர் மருந்துக்கடைக்குப் போன் செய்யும் திட்டம் இன்னொன்று. இரண்டாவதைக் கண்டதும், ஆகஸ்டில் என்னிடம் சொன்ன காரணத்தை அவரே எழுத்தில் கொண்டுவந்தார். கடிதத்திலிருந்து பாட்டி கதை போய்விட்டது, கடைக்கு வந்த சீட்டுகளின் கதை வந்தது.

நேர்காணல் ஒத்திகைக்கு, திட்டங்கள் கேட்பது போலவே ஒரு நோயாளி விவரத்தைக் கொடுத்து அரை மணி நேரம் தருவோம். ஒரு முறை நிமோனியா நோயாளி: முன்பு எம்ஆர்எஸ்ஏ என்ற, வழக்கமான ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமி இருந்தவர், சிறுநீரகம் தளர்ந்துகொண்டிருப்பவர். வான்கோமைசின் (எம்ஆர்எஸ்ஏவுக்கான ஆன்டிபயாடிக்), பைப்பரசிலின்-டாசோபாக்டம் (மற்றக் கிருமிகளுக்கானது) என்று உடனே சொன்னார். இரண்டையும் சேர்த்தால் சிறுநீரகப் பாதிப்பு கூடுவதாகத் தரவுகள் இருக்கின்றனவே என்று கேட்டேன். இரண்டாவதை செஃபெபைம் என்ற வேறு ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினார். சிறுநீரகம் தளர்ந்தவரிடம் அது தேங்கினால் மூளைக் குழப்பம் வராதா என்று கேட்டேன். திணறினார். வேண்டுமென்றே நெருக்கினேன். நேர்காணல் நடத்துபவர்கள் ஒரே ஒரு சரியான மருந்தைத் தேடுவதில்லை. ஒவ்வொரு தேர்விலும் என்ன ஆபத்தை ஏற்கிறோம், அதை எப்படிக் கண்காணிப்போம் என்று சொல்லத் தெரிகிறதா என்றுதான் கவனிக்கிறார்கள். அளவைச் சிறுநீரகத்துக்கேற்பக் குறைப்பேன், மூக்குப் பரிசோதனையில் எம்ஆர்எஸ்ஏ இல்லை என்று வந்தால் வான்கோமைசினை நிறுத்துவேன், தினமும் கிரியேட்டினின் பார்ப்பேன் என்று அடுத்த ஒத்திகையில் தானாகவே சொன்னார்.

‘கருத்து வேறுபாட்டை எப்படிச் சமாளித்தீர்கள்’ போன்ற கேள்விகளுக்குத் தனி ஒத்திகை தேவைப்படவில்லை. வெள்ளிக்கிழமைத் தாள்களில் அவரிடம் விடைகள் ஏராளமாக இருந்தன.

தரவரிசை

பதினோரு திட்டங்களுக்கு விண்ணப்பித்தார். ஐந்து நேர்காணலுக்கு அழைத்தன. மார்ச் தொடக்கத்தில் பட்டியலோடு வந்தபோது, மிகவும் பிடித்த திட்டத்தை மூன்றாவது இடத்தில் வைத்திருந்தார். ‘அங்கே போட்டி அதிகம், கிடைக்காது; முதல் இடத்தை வீணாக்க வேண்டாம்’ என்பது அவர் எண்ணம். இந்தத் தவறான நம்பிக்கை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் வருகிறது. ஒவ்வோர் ஆண்டும் யாராவது அதைத் திருத்த வேண்டியிருக்கிறது.

மேட்ச் முறையின் அடிப்படைக் கணிதத்தை 1962இல் டேவிட் கேலும் லாயிட் ஷேப்லியும் கொடுத்தார்கள். மருத்துவப் பயிற்சி இடங்களுக்கு இன்று பயன்படும் வடிவத்தை உருவாக்கியவர்களில் ஆல்வின் ராத் முக்கியமானவர். ஷேப்லியும் ராத்தும் 2012இல் பொருளாதார நோபல் பெற்றார்கள். கணினி மாணவரின் பட்டியலில் முதல் இடத்திலிருந்து தொடங்குகிறது. அங்கே இடம் கிடைக்காவிட்டால் இரண்டாவதற்குப் போகிறது. முதல் இடத்தில் எட்டாத திட்டத்தை வைத்ததால் இரண்டாவது திட்டத்தில் அவருக்குள்ள வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. ஆகவே விருப்பம் எதுவோ அதுவே வரிசை. இதைத் தாளில் நான்கு மாணவர், மூன்று திட்டம் என்று போட்டுக் காட்டியதும் பட்டியலைத் திருத்திக்கொண்டார்.

ஐந்தாவது திட்டத்தைப் பட்டியலிலிருந்தே நீக்கினார். நேர்காணலில் அங்கிருந்த ரெசிடென்ட்கள், தங்களுக்கு வழிகாட்ட ஆளில்லாமல் காலி வேலைநேரங்களை நிரப்பிக்கொண்டிருப்பதாக உணர்த்தியிருந்தார்கள். மேட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். போக விரும்பாத இடத்தைப் பட்டியலில் வைக்கக் கூடாது. பயமாகத்தான் இருந்தது அவருக்கு. 2010களின் நடுவில் பிஜிஒய்-1 மேட்சில் பங்கேற்றவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இடம் கிடைக்காமல் போனதை அவருடைய மூத்த மாணவர்கள் கதை கதையாகச் சொல்லியிருந்தார்கள். இப்போது நிலைமை மாணவர்களுக்கு அவ்வளவு கடுமையாக இல்லை. 2016 முதல் இரண்டாம் கட்ட மேட்சும் இருக்கிறது. நான்கோடு நிறுத்தினார்.

முடிவும் அதன் வரம்பும்

முதல் கட்டத்திலேயே இடம் கிடைத்தது. இரண்டாவதாக வைத்த திட்டம்: மருந்துக்கடைக்குப் போன் செய்யும் அந்த மருத்துவமனை. ஜூலையில் சேர்ந்தார், சேர்ந்து 120 நாளுக்குள் பெற வேண்டிய உரிமத்தை அதற்குள் பெற்றுவிட்டார்.

ஒரு மாணவியின் கதையை வைத்து, அட்டவணையை மாற்றினால் இடம் கிடைக்கும் என்று நான் சொல்ல முடியாது. மதிப்பெண் அவருக்கு முன்பே இருந்தது, உழைப்பும் அவருடையது. பழைய அட்டவணையோடு விண்ணப்பித்திருந்தாலும் எங்காவது கிடைத்திருக்கலாம். ஆனால் அங்கே நேர்காணல் செய்தவர்கள் அவரிடம் அபிக்ஸபான் தொலைபேசி அழைப்பைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்கள். அது என் பரிந்துரையில் இருந்தது. ஜனவரியில் அவர் வார்டுக்கு வந்திருந்தால், அந்த அழைப்பு நடந்திருந்தாலும் அதைப் படிக்க யாருக்கும் வாய்ப்பு இருந்திருக்காது.

இதைப் படிக்கும் தமிழ்நாட்டு பார்ம்டி மாணவர்களுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவில் 2008 ஒழுங்குமுறையின்படி தொடங்கிய ஆறாண்டுப் படிப்பு, வெளிநாட்டில் படித்த மருந்தாளுநர்களுக்கு அமெரிக்காவில் தரப்படும், ஐந்தாண்டுப் படிப்பைக் கேட்கும் எஃப்பிஜிஇசி சான்றிதழுக்குத் தகுதி தருகிறது, நான்காண்டு பி.பார்ம் மட்டும் இப்போது தராது. அந்தச் சான்றிதழ் இருந்தால் அமெரிக்க ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் விசா ஏற்பாடு செய்யாத திட்டங்கள் நிறைய. அதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். ஆறாம் ஆண்டு இன்டர்ன்ஷிப்பில் உங்கள் தலையீடுகளைத் தேதி போட்டு எழுதி, வழிகாட்டும் ஆசிரியரிடம் வாரந்தோறும் கையெழுத்து வாங்கி வையுங்கள். சில ஆண்டுகள் கழித்துப் பரிந்துரை கேட்கும்போது, அவருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும். நீங்கள் செய்தது நினைவிருக்காது.

கல்லூரியிடம் நாங்கள் மூன்று கோரிக்கைகள் வைத்தோம். ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் யார் என்று மூன்றாம் ஆண்டின் குளிர்காலத்திலேயே கேட்டு, அவர்களுக்கு ஓர் உள்நோயாளி ரொட்டேஷனாவது நவம்பருக்கு முன் ஒதுக்க வேண்டும். விண்ணப்பிக்காதவர்களுடன் இடமாற்றம் செய்துகொள்ள ஒரு திறந்த பட்டியல் வேண்டும். பரிந்துரை எழுதப்போகும் பயிற்சியாளர்கள் வாராந்திரக் குறிப்பு வைக்க வேண்டும். முதல் இரண்டையும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது, பயிற்சியாளர்களின் நேரத்தைக் கேட்கிறது; அவர்களில் பலர் தனியார் மருத்துவமனை ஊழியர்கள், கல்லூரியிடம் சம்பளம் வாங்காதவர்கள். அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று பதில் வந்தது. நியாயமான பதில்தான். அதனால் இப்போது அந்தத் தாளை மாணவர்களே வடிவமைத்து, ரொட்டேஷனின் முதல் நாளில் பயிற்சியாளரிடம் கொடுக்கிறார்கள். ஒரே பக்கம்: இந்த வாரம் செய்தது, மறுக்கப்பட்டது, ஏன், அடுத்த வாரம் கவனிக்க வேண்டியது. நிரப்ப ஐந்து நிமிடம் போதும் என்று சொன்னால் பெரும்பாலோர் மறுப்பதில்லை.